படுக்கைப் புண்ணும் செவிலியர் ஆய்வும்

புதுவை, கடலூர், விழுப்புரம் வட்டார நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செவிலியர் ஆய்வு என்றதும், மாணவியர் பட்டத்துக்காக எழுதிக் கொடுக்கும் ஓர் ஏடு என்றே பலரும் எண்ணுகிறார்கள். செவிலியக் கல்லூரியில் ஆய்வுமுறைகளைக் கற்பித்து வருபவள் என்ற முறையில், அந்த ஆய்வு உங்கள் வீட்டுக் கட்டில் வரைக்கும் வருகிறது என்பதைச் சொல்வதற்காகவே இந்த வாய்ப்பை ஏற்றுக்கொண்டேன்.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்திருப்பார். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாதே என்ற கவலையில், அவர் முதுகில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, சிவந்த இடத்தை நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டிருப்பீர்கள். மருத்துவமனையில் செவிலியர்கள் செய்ததைப் பார்த்துத்தான் நீங்கள் கற்றிருப்பீர்கள். அவர்களுக்கு அவர்களுடைய மூத்தவர்கள் கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

இத்தகைய வழக்கங்களைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் டோரீன் நார்ட்டன் என்ற இங்கிலாந்துச் செவிலியர். முதியோர் வார்டுகளில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு 1962இல் வெளிவந்தது. தோலில் எதைத் தடவுகிறோம் என்பதைவிட, உடலின் எடை ஒரே இடத்தில் அழுந்தாதபடி நோயாளியை அடிக்கடி திருப்பிப் படுக்கவைப்பதே புண்ணைத் தடுக்கிறது என்று அது காட்டியது. யாருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிய, உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கைகால் அசைவு, மலசலக் கட்டுப்பாடு ஆகிய 5 கூறுகளுக்கும் மதிப்பெண் போடும் முறையையும் அவர் தந்தார். மொத்தம் 20இல் 14 அல்லது அதற்கும் குறைவாக வந்தால் ஆபத்து என்று பொருள். கட்டிலருகே நின்ற ஒரு செவிலியரின் கேள்வியிலிருந்து பிறந்த அளவுகோல் இது என்பதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் பெருமையோடு சொல்கிறேன்.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கும்போது இரத்த ஓட்டம் தடைபடுகிறது. சிவந்த இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே பழுதுபட்டிருக்கலாம் என்பதால், தேய்த்தால் சேதம் கூடும். மறுபடியும் சொல்கிறேன்: சிவந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம், படுத்திருக்கும் பக்கத்தை மாற்றுங்கள், கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது? 2 மணி நேரம் என்பதே நாங்கள் படித்த பாடம். அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் இருந்த 942 பேரை 2, 3, 4 மணி நேரம் எனக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. புண் வந்தவர் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைக் கேட்டதும், இரவுப் பணி பார்த்த மாணவியர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். ஆய்வில் இருந்த முதியோர் எந்த மெத்தையில் படுத்திருந்தார்கள் என்று உடனே கேட்பேன். அது அடர்த்தியான நுரை மெத்தை. நம் வீடுகளிலோ நடுவில் குழிவிழுந்த இலவம்பஞ்சு மெத்தை, அதன்மேல் ரெக்சின், அதன்மேல் சித்திரை வெயிலின் வியர்வையில் நனைந்த விரிப்பு. அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. ஆய்வுச் சான்றை வைத்துச் செயல்படுவதைச் சான்று சார்ந்த பணி என்கிறோம்; அது வெளிநாட்டுக் கட்டுரையை அப்படியே பின்பற்றுவதன்று. எந்தச் சூழலில் கிடைத்த சான்று என்று பார்த்துப் பயன்படுத்துவதாகும்.

நிறத்திலும் இதே சிக்கல் உண்டு. விரலால் அழுத்தி எடுத்தும் வெளிறாத சிவப்பே புண்ணின் முதல் நிலை என்று பாடநூல் சொல்கிறது. நம்மில் பலருடைய கருத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். ஆகவே புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிட அந்த இடம் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருந்தால் தாமதிக்காமல் செவிலியரிடம் காட்டுங்கள். வில்லியனூரிலோ நெல்லிக்குப்பத்திலோ நோயாளிக்கு உடம்பு துடைத்துவிடும் ஒரு செவிலியர்தான், இந்தத் தோலில் முதல் அறிகுறி எது என்று முறையாக ஆராயத் தகுதியானவர். யாருக்கு, என்ன செய்கிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம், என்ன பலனை எதிர்பார்க்கிறோம் என்று கேள்வியைத் தெளிவாக அமைத்துக்கொண்டால் ஆய்வு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சான்றோடு மருத்துவரின் அனுபவமும் நோயாளியின் விருப்பமும் சேர வேண்டும் என்று சான்று சார்ந்த மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான மருத்துவர் டேவிட் சாக்கெட்டும் அவருடைய நண்பர்களும் 1996இல் வலியுறுத்தினார்கள். “கொஞ்சம் தூங்க விடும்மா” என்று நள்ளிரவில் கெஞ்சும் பாட்டியின் சொல்லையும் செவிலியர் கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நேரம் முடிகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுவதால், விரிவாகச் சொல்ல எண்ணியிருந்ததைச் சுருக்கிக்கொள்கிறேன். மருத்துவமனையில் உங்களை ஓர் ஆய்வில் சேர அழைத்தால், அதன் நோக்கத்தை உங்களுக்குப் புரியும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். ஆய்வில் சேர்பவர்களின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழு அனுமதித்த ஆய்வுதானா என்று கேளுங்கள். ஒப்புதல் தாளில் கையெழுத்திட மறுத்தாலும், இடையிலேயே விலகினாலும், உங்களுக்குரிய சிகிச்சை சிறிதும் குறையக் கூடாது. கையெழுத்திட்டால் அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.