தலையணை உறையில் தொடங்குங்கள்

வணக்கம் நேயர்களே. கடையில் வாங்கிய தலையணை உறை ஒன்றை எடுத்து உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். ஓரமெல்லாம் பிசிறு தொங்கும். பத்துத் துவைப்பில் அந்தப் பிசிறு தையல் வரை ஏறிவிடும், மூலை விட்டுப்போகும். வெளிப்பக்கத் துணி புதிதுபோல் இருக்கும்போதே உறை குப்பைக்குப் போவது இப்படித்தான். கடைக்குத் தைப்பவர்களின் அவசரம் வீட்டில் தைப்பவர்களுக்கு இல்லை. பிசிறே தெரியாமல் தைக்க இன்னும் ஒரு ஓட்டுத் தையல்தான் கூடுதல். அதனால் மெஷின் பழகுபவர்கள் தலையணை உறையில் தொடங்குவது நல்லது. எல்லாமே நேர்கோடு, வளைவு கிடையாது.

ஜிப், பட்டன் இரண்டுமே வேண்டாம். பட்டன் துவைக்கிற கல்லில் உடையும், ஜிப் கன்னத்தில் உராயும். உள்ளே ஒரு மடல் வைத்து, தலையணையை அதற்குள் செருகும்படி தைத்தால் போதும்.

அளவு சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தலையணை 17 இன்ச்சுக்கு 27 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். தைத்து முடித்த உறை 18-க்கு 28 இருக்க வேண்டும். அதற்கு வெட்ட வேண்டிய துணி ஒரே துண்டு: நீளம் 65½ இன்ச், அகலம் 19¼ இன்ச். நீளக் கணக்கு இது. முன்பக்கம் 28, பின்பக்கம் 28, உள்மடல் 7, இரண்டு முனையிலும் மடித்து அடிக்க 1¼ வீதம் 2½. அகலத்தில் 18 போக, பக்கத்துக்கு 5 நூல் தையலுக்கு. நூல் என்பது இங்கே அளவு, ஒரு இன்ச்சுக்கு 8 நூல். தலையணை வேறு அளவென்றால் இதே கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

44 இன்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள பருத்தித் துணியில் இரண்டு உறை பக்கத்தில் பக்கத்தில் வெட்டலாம். 1.8 மீட்டர் வாங்குங்கள். கணக்குப்படி 1.67 மீட்டர் போதுமே என்று தோன்றும். ஆனால் புதுப் பருத்தி முதல் துவைப்பில் 100-க்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 28 இன்ச்சில் 5 சதவீதம் போனால் கிட்டத்தட்ட ஒன்றரை இன்ச் போச்சு, தலையணை நுழையாது. அதனால் வெட்டும் முன் துணியைத் துவைக்க வேண்டும். வெளுக்காத கோரா துணியில் கஞ்சி இருக்கும், அதை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிடுங்கள்.

அடுத்தது, பலர் விட்டுவிடுகிற வேலை. கடையில் கிழித்தோ வெட்டியோ கொடுத்த முனை நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். கரைக்குப் பக்கத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு கொடுங்கள். அங்கே குறுக்கே ஓடும் ஒற்றை இழையை ஊசி முனையால் நெம்பி, விரலில் பிடித்து மெதுவாக உருவுங்கள். துணி சுருங்கிக்கொண்டே வரும், சுருக்கத்தை நீவி நீவித் தள்ளுங்கள். இழை அறுந்தால் பரவாயில்லை, அறுந்த இடம் வரை வெட்டிவிட்டு மறுபடி நெம்பி எடுக்கலாம். இழை போன தடம் மெல்லிய கோடாகத் தெரியும், அதன் மேலேயே வெட்டுங்கள். இப்படிச் செய்யாமல் கோணலாக வெட்டிய உறை, தைக்கும்போது சரியாகத்தான் இருக்கும். துவைத்துக் காயப்போட்ட பிறகு தையல் ஓரத்தை விட்டு முறுக்கிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு இஸ்திரி போட்டாலும் நிமிராது.

இனி மெஷினுக்கு வரலாம். 14-ம் நம்பர் ஊசி, ஒரு இன்ச்சில் 10 முதல் 12 தையல். முதலில் இரண்டு குறுகிய முனைகளையும் துணியின் உள்பக்கமாகக் கால் இன்ச் மடித்து, மறுபடி 1 இன்ச் மடித்து ஓரம் அடியுங்கள். இப்போது துணி 63 இன்ச். நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ஒரு முனையிலிருந்து 7 இன்ச்சை உள்ளே மடியுங்கள். அதுதான் மடல். பிறகு மறுமுனையை அதன் மேல் கொண்டுவந்து மூடுங்கள். அதன் ஓரம் மடலின் மடிப்போடு சேர்ந்து நிற்கும். நல்ல பக்கம் வெளியே இருக்கிறது, மடல் நடுவில் இருக்கிறது. பார்க்க, தைத்து முடித்த உறை மாதிரியே இருக்கும். இப்படியே இரண்டு பக்கமும் கால் இன்ச்சில் ஒரு தையல் ஓட்டுங்கள். நல்ல பக்கத்தில் தைக்கிறோமே என்று தயங்க வேண்டாம், சரியாகத்தான் செய்கிறீர்கள்.

தையலுக்கு வெளியே இருப்பதை ஒரு நூல் அளவு விட்டு வெட்டிவிடுங்கள். வெட்டாமல் விட்டால் அடுத்த தையலுக்கு வெளியே மீசை போல நூல் எட்டிப்பார்க்கும். இப்போது மடலுக்கும் மேல்துணிக்கும் நடுவே கையை விட்டு முழுவதையும் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுங்கள். மூலைகளைக் குச்சியால் தள்ளி, ஓரத்தை இஸ்திரியால் அழுத்தி, 3 நூல் உள்ளே தள்ளி இரண்டாவது தையல். பிசிறு முழுக்க இரண்டு தையலுக்கும் நடுவில் சிறைப்பட்டுவிட்டது. மறுபடி புரட்டினால் உறை தயார்.

வாய்ப்பக்க மூலையில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே துணி அடுக்கடுக்காகத் தடித்து நிற்கும். பெடலை மிதித்து வேகமாக ஓட்டினால் ஊசி வளையும், உடைந்தும் போகும். சக்கரத்தைக் கையால் சுற்றி ஐந்தாறு தையல் போட்டுக் கடந்துவிடுங்கள். தலையணையைத் திணிக்கும்போது இழுபடுவதும் அந்த மூலைதான், அதனால் அங்கே முன்னும் பின்னுமாக மூன்று முறை ஓட்டுங்கள்.

தைக்கும்போது துணியின் அடியில் நூல் கொத்தாகச் சுருண்டால், உடனே அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றுகிறோம். பெரும்பாலும் தவறு பாபினில் இல்லை, மேல்நூலில்தான். அழுத்துகால் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் அது உட்காராது. அழுத்துகாலைத் தூக்கி, முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். அடிநூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் இறுக்கம், கொஞ்சம் தளர்த்துங்கள். தையல் விட்டு விட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள்.

இதே நேர்த்தையலில் பையும் தைக்கலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் வந்துவிட்டது. பழைய வேட்டியில் தைக்கலாம், ஆனால் இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்து, நெசவு விலகினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். 17-க்கு 20 இன்ச்சில் இரண்டு துண்டு. பக்கமும் அடியும் அரை இன்ச் தையல், வாய் ஒன்றரை இன்ச் மடிப்பு. பை கிழிவது எப்போதும் காதில்தான், காரணம் காதை ஒற்றை வரித் தையலில் நிறுத்துவது. 4 இன்ச் அகலம் 24 இன்ச் நீளத் துண்டை நாலு அடுக்காக மடித்து 1 இன்ச் காது செய்யுங்கள். அதன் முனையை வாய் மடிப்புக்குள் ஒன்றே கால் இன்ச் செருகி, சதுரமாகச் சுற்றித் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போல ஓட்டுங்கள். அரிசியும் தேங்காயும் தூக்கினாலும் பளு நாலு பக்கமும் பிரியும்.

மிஞ்சிய துணியில் அடுப்படிக்குப் பிடிதுணி. 7 இன்ச் சதுரம், உள்ளே பழைய டர்க்கி டவல் மூன்று அடுக்கு, மேலும் கீழும் பருத்தி. ஒன்றரை இன்ச்சுக்கு ஒரு தையல் குறுக்கே ஓட்டுங்கள், இல்லாவிட்டால் துவைத்ததும் உள்ளிருக்கும் டவல் ஒரு மூலைக்கு ஓடிவிடும். அடுக்கு தடிமன் என்பதால் 16-ம் நம்பர் ஊசி போடுங்கள். பாலியெஸ்டர் கலந்த துணி இதற்கு ஆகவே ஆகாது, சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். நூலும் பருத்தி நூலாகவே இருக்கட்டும். ஈரத் துணி வழியாகச் சூடு சட்டென்று கையில் ஏறும், அதனால் பிடிதுணி இரண்டாகத் தைத்து, ஒன்று நனைந்தால் காய்ந்ததை எடுக்கும்படி மூலையில் ஒரு கண்ணி வைத்து ஆணியில் மாட்டிவையுங்கள்.

நன்றி. வணக்கம்.