அழைப்பிதழில் அச்சாகாத முகவரி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, டர்பனின் பல பகுதிகளிலிருந்தும் வந்திருக்கும் உறவினர்களே, வணக்கம்.

என் அக்காளின் பேத்திக்குச் சென்ற ஆண்டு கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வசதியானவர்கள் வாழும் உம்லாங்காவில் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், அதில் எனக்கு ஐயமில்லை. அச்சகத்திலிருந்து வந்த அழைப்பிதழ் மாதிரியை மேசைமேல் விரித்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளையின் அத்தை பெண்வீட்டு முகவரி இருந்த வரியின்மேல் விரலை வைத்து, "இது வேண்டுமா? மண்டபத்தின் முகவரி போதுமே" என்று மெதுவாகக் கேட்டார். அந்த வரியில் இருந்தவை ஒரு வீட்டு எண், ஒரு ரோடு எண், சாட்ஸ்வொர்த் என்ற நம் பகுதியின் பெயர், 4092 என்ற நான்கு இலக்கத் தபால் குறியீடு, அவ்வளவுதான். அதற்குப் பக்கத்திலேயே அச்சாகியிருந்த உம்லாங்கா முகவரியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. என் அக்காள் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தாள். நானும் அந்த மேசையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அன்று பேசாததைத்தான் இன்று இந்த மேடையில் பேச வந்திருக்கிறேன்.

நம்மவர் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால் "எந்த வீட்டார்?" என்ற கேள்விக்கு அடுத்தபடியாக வருவது "எங்கே இருக்கிறீர்கள்?" என்பது. உறவு தேடும் கேள்வியாக இருந்தவரை அதில் தவறில்லை. இப்போது அந்தப் பதிலைக் கேட்டவுடன் ஒரு கணம் கண் கீழே இறங்கி மேலே ஏறுகிறதே, அதை இங்கே இருப்பவர்களில் அனுபவிக்காதவர் குறைவு. பணக்காரர் வாழும் பகுதிக்கு 'லானி ஏரியா' என்று நம் பிள்ளைகள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்; அந்தச் சொல்லுக்குள் வராத எந்த இடமும் விளக்கம் சொல்லவேண்டிய இடமாகிவிடுகிறது. சில்வர்கிளென்னில் இருப்பவர் "சாட்ஸ்வொர்த் இல்லை, சில்வர்கிளென்" என்று திருத்திச் சொல்வதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! இரண்டுக்கும் ஒரே குறியீடு, ஒரே ஆஸ்பத்திரி, நகரத்துக்குப் போக ஒரே நெடுஞ்சாலை. ஆனாலும் மேட்டில் சொந்தமாக மனை வாங்கிக் கட்டிய வீட்டுக்கும் பள்ளத்தில் நகராட்சி கட்டிக்கொடுத்த கவுன்சில் வீட்டுக்கும் நடுவே ஒரு கோடு நம் மனத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது.

அந்த நான்கு இலக்கம் எதற்காக வந்தது? 1973-இல் தபால் இலாகா கடிதங்களை விரைவாகப் பிரிப்பதற்காக நாடு முழுவதும் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஒரு கடிதம் எந்தப் பைக்குள் விழவேண்டும் என்று காட்டுவதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. 4091 என்ற குறியீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்வாயர் ஹில்ஸின் மாடிவீடுகள் அதில் இருக்கின்றன. கிளேர் எஸ்டேட்டில் குப்பைமேட்டை ஒட்டித் தகரத்தாலும் பலகையாலும் எழுந்த கென்னடி ரோடு குடிசைகளும் அதில்தான் இருக்கின்றன. தபால் இலாகா பிரிக்காதவர்களை நாம் பிரிக்கிறோம்.

இந்தக் கோடுகளை முதலில் போட்டவர்கள் நாம் அல்லர் என்பதுதான் எனக்குத் தாங்கமுடியாத வருத்தம். 1946-இல், இந்தியர் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் கட்டுப்படுத்தியதால் 'கெட்டோ சட்டம்' என்று நம்மவர் பெயரிட்ட நிலச் சட்டத்தை எதிர்த்து, டாக்டர் மான்ட்டி நாயக்கர் தலைமையில் கேல் ஸ்ட்ரீட் மூலையிலே கூடாரம் அடித்து உட்கார்ந்து சிறை சென்றவர்கள், 'நீ இங்கேதான் இருக்கவேண்டும்' என்று ஒரு மனிதனுக்குச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் சென்றார்கள். அவர்களில் நம் பெண்களும் இருந்தார்கள். டாக்டர் குணம் அவர்களின் பெயர் இந்த அவைக்குத் தெரியாததல்ல. அதையும் மீறி 1950-இல், எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. 1958-இல், நம்மவர் வாழ்ந்த கேட்டோ மேனர் வெள்ளையருக்கென்று அறிவிக்கப்பட்டது. காய்கறித் தோட்டமும் வாழைக்கொல்லையும் கோயிலும் தாங்களே காசு சேர்த்துக் கட்டிய பள்ளிக்கூடமுமாக இருந்த குடும்பங்கள் வண்டி ஏறின. மேகசின் பேரக்ஸில் தலைமுறை தலைமுறையாக நகரத்தின் தெருவைக் கூட்டிய நம் தொழிலாளர் குடும்பங்களும் அறுபதுகளில் அப்படியே போயின. போய்ச் சேர்ந்த இடம் சாட்ஸ்வொர்த். வெள்ளையர் பகுதிகளுக்கும் ஆப்பிரிக்கர்களின் உம்லாஸிக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர்போல வரைபடத்தில் குறிக்கப்பட்ட நிலம் அது. அங்கே தெருக்களுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. யூனிட்டுக்கு ஓர் எண், ரோட்டுக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண். அந்தச் சட்டம் 1991-இல் நீக்கப்பட்டது. அது வரைந்த படத்தை நாம் இன்னும் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம்.

எண்ணாலும் இடத்தாலும் நம்மைக் குறித்தது அதுவே முதல் முறையும் அன்று. 1860 நவம்பர் 16-ஆம் நாள் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு வந்தபோதும், அதற்குப் பின் வந்த கப்பல்களிலும், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று பட்டியல் எழுதினார்கள். பிற்காலத்தில் அந்தப் பட்டியலில் தம் பாட்டனைத் தேடிப் போனவர்களுக்கு ஆவணத்தில் கிடைத்த பெரிய செல்வம் அந்தக் கடைசி வரிதான். வட ஆற்காட்டில் ஒரு சிற்றூரின் பெயர், எழுத்துப் பிழையோடு, கிடைத்துவிட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அந்த ஊரில் மண்சுவரா மாடிவீடா என்று யாராவது கேட்கிறார்களா? பாட்டனின் ஊருக்குக் கொடுக்கும் மரியாதையை, அவருடைய பேரன் நாற்பது ஆண்டு வாடகை கட்டிப் பிள்ளைகளை ஆசிரியர்களாகவும் தாதிகளாகவும் ஆக்கிய வீட்டின் முகவரிக்கு ஏன் கொடுக்க மறுக்கிறோம்?

இது வெறும் மனக்கசப்போடு நிற்கும் விஷயமல்ல. என் மகள் படிப்பை முடித்து 1996-இல் வேலைக்கு விண்ணப்பித்தாள். டவுனில் ஓர் அலுவலகம். நேர்காணலில் உட்கார்ந்திருந்தவர் நம்மவர். தாளைப் பார்த்து, "இவ்வளவு தூரத்திலிருந்தா? அங்கிருந்து வருகிறவர்கள் நேரத்துக்கு வருவதில்லையே" என்றாராம். அதற்கு அடுத்த விண்ணப்பத்தில் அவள் வெஸ்ட்வில்லில் இருந்த தன் சித்தப்பாவின் முகவரியை எழுதினாள். அந்த வேலை கிடைத்தது. முகவரியால்தான் கிடைத்தது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் நியமனக் கடிதம் சித்தப்பா வீட்டுக்குப் போயிற்று. இரண்டு பஸ் மாறிப் போய் அதை வாங்கி வந்தவன் நான். உறையின்மேல் என் மகளின் பெயருக்குக் கீழே வேறொருவர் வீட்டு விலாசம். திரும்பி வரும் வழியெல்லாம் அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். கார் இன்சூரன்ஸ் கொடுப்பவர் "இரவில் வண்டி எங்கே நிற்கும்?" என்று கேட்பது திருட்டுக் கணக்கை வைத்து, அது ஒரு வியாபாரக் கணக்கு. பிள்ளைகளின் பள்ளிக்காகவோ, திருட்டுக்குப் பயந்தோ, வசதி வந்ததாலோ ஒருவர் உம்லாங்காவுக்கும் லா லூசியாவுக்கும் குடிபோவதில் ஒரு குற்றமும் இல்லை. முப்பது ஆண்டுகள் அடைக்கப்பட்டிருந்தவர்கள் கதவு திறந்ததும் வெளியே போகத்தான் செய்வார்கள், போகவும் வேண்டும். போன பின் திரும்பிப் பார்த்து, அங்கேயே இருப்பவர்களைத் தாழ்ந்தவர்கள் என்று எண்ணுவதையே நான் குறை சொல்கிறேன்.

நமக்குக் கீழே இன்னொரு படியையும் நாம் வைத்திருக்கிறோம். சாட்ஸ்வொர்த் என்று சொல்லக் கூசுகிறவரைக் கண்டு நோகிற அதே சாட்ஸ்வொர்த்காரர், பக்கத்துச் சரிவில் இருக்கும் பாட்டில்பிரஷ் குடிசைவாசியிடம் எப்படிப் பேசுகிறார்? அந்த மனிதருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வீட்டு எண்கூட இல்லை. கள்ளப்பணத்தைத் தடுக்கவென்று 2001-ஆம் ஆண்டின் ஃபைக்கா சட்டம் வந்தபின், வங்கிக் கணக்குத் திறக்கப் போனால் மூன்று மாதத்துக்குள் வந்த ஒரு ரசீதோ கடிதமோ காட்டி இருப்பிடத்தை நிரூபி என்றார்கள். தண்ணீர் மீட்டரே இல்லாத இடத்தில் எந்த ரசீதைக் காட்டுவது? கென்னடி ரோடு மக்கள் 2005-இல் சாலையை மறித்தது, வீடு கட்டித் தருவதாகச் சொல்லப்பட்ட நிலம் கைவிட்டுப் போனதால். வீடும் நிலமும் மறுக்கப்பட்ட வலி கேட்டோ மேனரிலிருந்து வந்த நமக்குத் தெரியாத வலியா? தெரிந்திருந்தும் நம்மில் பலர் அன்று போக்குவரத்து நெரிசலைப் பற்றி மட்டுமே பேசினோம்.

மீண்டும் அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். அழைப்பிதழ் அத்தை கேட்டபடியே, பெண்வீட்டு முகவரி இல்லாமல் அச்சாகி வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்த மணப்பெண் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் உறைகளையெல்லாம் தன் பாட்டியின் சமையலறை மேசையில் அடுக்கிக்கொண்டு, நீல மையில், ஒவ்வோர் உறையின் பின்புறத்திலும் அனுப்புநர் என்று எழுதி, வீட்டு எண், ரோடு எண், சாட்ஸ்வொர்த், 4092 என்று முழுவதுமாக எழுதத் தொடங்கினாள். நேரம் பத்தரையைத் தாண்டியபோது என் அக்காளும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.