47 வயதில் கிளம்பியவர்

நேயர்களுக்கு வணக்கம்.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு குன்னார் மிர்தால் என்ற பெயர் பழக்கமானது. ஸ்வீடன்காரர். 1945 முதல் 1947 வரை அந்த நாட்டின் வர்த்தக அமைச்சர். தெற்காசியாவின் வறுமையைப் பற்றி மூன்று பெரிய தொகுதிகள் எழுதியவர், 1974-இல் நோபல் பரிசு பெற்றவர். நான் இன்று பேச வந்திருப்பது அவருடைய மனைவி ஆல்வாவைப் பற்றி.

ஆல்வா 1902-இல் பிறந்தார். அவர் வளர்ந்த எஸ்கில்ஸ்டூனா பகுதியில் மேல்நிலைப் படிப்பு ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான். நூலகப் புத்தகங்களில் நோய்க்கிருமி ஒட்டியிருக்கும் என்று பயந்து அம்மா அவற்றை வீட்டுக்குள் விடமாட்டார். ஆல்வா ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். அப்பா முயற்சி எடுத்து, பெண்கள் சிலர் பணம் கட்டித் தனியாகப் படிக்க ஏற்பாடு செய்த பிறகுதான் பல்கலைக்கழகம் வரை போக முடிந்தது. 1919 கோடையில், சைக்கிளில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த மாணவர்கள் சிலர் அவர்களுடைய பண்ணையில் இரவு தங்கினார்கள். அவர்களில் ஒருவர் குன்னார். ஐந்து வருடம் கழித்துத் திருமணம்.

1934-இல் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். ஸ்வீடனில் பிறப்பு விகிதம் விழுந்துகொண்டிருந்த சமயம். பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல வீடு, பள்ளியில் இலவச உணவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் இவற்றையெல்லாம் அரசு தரட்டும் என்பது அவர்கள் வாதம். அடுத்த வருடம் ஸ்டாக்ஹோமில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. கீழே பொதுச் சமையலறை. சாப்பாடு சின்ன லிஃப்டில் ஏறி அவரவர் வீட்டுக்கே வரும். குழந்தைகள் காப்பகமும் அதே கட்டடத்தில். கட்டடக் கலைஞர் ஸ்வென் மார்கேலியுஸுடன் சேர்ந்து அந்த யோசனைக்காக உழைத்தவர் ஆல்வா. 1936-இல் பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கென ஒரு பயிற்சிக் கல்லூரியையும் தொடங்கினார்.

சரி, அவருடைய சொந்தக் குழந்தைகள்? இந்தக் கேள்வி அவரைக் கடைசி வரை விடவில்லை. என்னையும் விட்டதில்லை, நானும் இரண்டு பிள்ளைகளை மாமியார் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனவள்தான்.

மூத்தவன் யான் 1927-இல் பிறந்தான். 1929-இல் கணவன் மனைவி இருவருக்கும் அமெரிக்காவில் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. இரண்டு வயதுப் பிள்ளையைக் குன்னாரின் பெற்றோரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு சிசெலா, காய் என்று இரண்டு பெண்கள். போர்க்காலத்தில், 1941-இல், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் நிலை பற்றி எழுதிக்கொண்டிருந்த குன்னாருக்குத் துணை வேண்டியிருந்தது. பிள்ளைகளை ஸ்வீடனில் விட்டுவிட்டு ஆல்வா கடல் கடந்து போனார். இந்த இரண்டு பிரிவுகளையும் கொஞ்சம் கவனியுங்கள். முதலாவது இருவருடைய படிப்புக்காக, அடுத்தது முழுக்கக் கணவரின் புத்தகத்துக்காக.

1947-இல் அமைச்சர் பதவியை விட்டுவிட்டு, ஐரோப்பாவுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையத்தின் தலைவராகக் குன்னார் ஜெனீவா போனார். ஆல்வா ஸ்டாக்ஹோம் வேலைகளை விட்டுவிட்டுக் கூடவே போனார். அங்கே அவர் பெரிய அதிகாரியின் மனைவி, அவ்வளவுதான். இரண்டு வருடம் அப்படியே கழிந்தது. அப்புறம் 1949 தொடக்கத்தில், நியூயார்க்கில் ஐ.நா.வின் சமூக நலத் துறையை நடத்த அழைப்பு வந்தது. அப்போது அவருக்கு 47 வயது. பெரிய பெண்ணுக்கு 14, சின்னவளுக்கு 12. அவர்களை அப்பாவுடன் ஜெனீவாவில் விட்டுவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கு ஐ.நா. செயலகத்தில் அவ்வளவு உயர்ந்த இடத்தில் வேறு பெண் கிடையாது.

அடுத்த வருடமே பாரிஸுக்கு மாறினார், யுனெஸ்கோவின் சமூக அறிவியல் துறை இயக்குநராக. அங்கிருந்து ஜெனீவா ரயிலில் போய்வரும் தூரம். 1953-இல் யுனெஸ்கோ வேலையாக நியூயார்க் போய் இறங்கியவரை அமெரிக்க அதிகாரிகள் தடுத்து நிறுத்தினார்கள். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகம் யார் மேலும் விழக்கூடிய காலம் அது.

1955-இல் தில்லிக்கு வந்தார், ஸ்வீடனின் தூதராக. பர்மாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்து அவரே பொறுப்பு. நேருவுடன் நல்ல நட்பு. ஜெனீவா பதவி முடிந்த பிறகு குன்னார் தில்லிக்கு வந்து தம் ஆசிய ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். தூதர் வீட்டில் இப்போது அவர்தான் 'தூதரின் கணவர்'. எனக்கு மிகவும் பிடித்த காலம் இது. 1956-இல் ஆல்வா, சமூகவியலாளர் வயோலா கிளைனுடன் சேர்ந்து எழுதிய நூல் வெளியானது. பெண்களின் ஆயுள் கூடியிருக்கிறது, பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பல வருடங்கள் மிச்சம் இருக்கின்றன, அந்த வருடங்களுக்குத் திட்டம் வேண்டும் என்றது அந்த நூல். அவர் எதைப் பார்த்து எழுதினார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1962 முதல் 1973 வரை ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் ஸ்வீடன் சார்பாகப் பேசினார். இரண்டு வல்லரசுகளையும் நேருக்கு நேர் கேள்வி கேட்டார். நிலத்தடியில் ரகசியமாக அணுகுண்டு வெடித்துப் பார்த்தால், நில அதிர்வுக் கருவிகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியும் என்று விஞ்ஞானிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாதாடினார். ஸ்டாக்ஹோமில் சிப்ரி என்ற அமைதி ஆராய்ச்சி நிறுவனம் 1966-இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர். அமைச்சரானதும் அந்த நாற்காலியை விட்டார். அதில் அடுத்து உட்கார்ந்தவர் குன்னார்.

1982-இல் ஆல்வாவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு, மெக்சிகோவின் கார்சியா ரோப்லெஸுடன் பகிர்ந்து. கணவனும் மனைவியும் தனித்தனித் துறைகளில் நோபல் பெற்றது அதுவே முதல் முறை. அதே வருடம் மகன் யான் தன் இளமைக்காலத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பெற்றோர் தன்னை அன்பில்லாமல் வளர்த்தார்கள் என்று அதில் கடுமையாக எழுதினார். ஊரெல்லாம் பேச்சு. அடி விழுந்தது பெரும்பாலும் அம்மா மேல்தான். 1929-இல் பிள்ளையை விட்டுப் போனவர்கள் இரண்டு பேர். அப்பாவிடம் யாரும் அவ்வளவு உரத்துக் கேட்கவில்லை. யானின் வேதனை பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் மனசு, அது பட்டது பட்டதுதான். ஆனால் அந்தக் கணக்கை ஒருவர் பேரில் மட்டும் எழுதியது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

பெண்கள் இருவரும் பின்னாளில் தனித்தனியே எழுதினார்கள். தத்துவப் பேராசிரியையான சிசெலா எழுதிய அம்மாவின் வரலாற்றில் குறையும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. கடைசி வருடங்களில் ஆல்வாவுக்குப் பேச்சு தடுமாறியது. நினைத்த சொல் வாய்க்கு வரவில்லை. 84-ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், 1986 பிப்ரவரி 1 அன்று காலமானார். குன்னார் அடுத்த வருடம் மே மாதம் வரை இருந்தார்.

நன்றி, வணக்கம்.