மன்னித்த பிறகு என்ன நடந்தது?

(கிறிஸ்தவ எழுத்தாளர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பு நண்பர்களே,

யோசேப்பின் கதையை நம்மில் ஒருவர் எழுதியிருந்தால் ஆதியாகமம் 45-ஆம் அதிகாரத்தோடு முடித்திருப்போம். இருபது வெள்ளிக்காசுக்குத் தம்பியை விற்ற அண்ணன்மார், எகிப்தில் பெரிய அதிகாரியாகிவிட்ட அவன் முன்னாலேயே தானியம் கேட்டு வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவனுக்கு மனசு தாங்கவில்லை. சுற்றி நின்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, "நான் யோசேப்பு" என்கிறான். எகிப்தியர் காதில் விழும்படி ஓவென்று அழுகிறான். ஒவ்வொருவரையும் கட்டி முத்தமிடுகிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்? கீழே 'முற்றும்' என்று போட்டு மாதப் பத்திரிகைக்கு அனுப்பிவிடலாம்.

வேதாகமம் அங்கே முடிக்கவில்லை. கதை இன்னும் ஐந்து அதிகாரம் ஓடுகிறது. அண்ணன்மாரை ஊருக்கு அனுப்பும்போது ஆளுக்கு ஒரு மாற்று உடை கொடுக்கிற யோசேப்பு, உடன்பிறந்த தம்பி பென்யமீனுக்கு மட்டும் ஐந்து உடைகளும் முந்நூறு வெள்ளிக்காசும் கொடுக்கிறான். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி அங்கி தைத்துப் போட்டதில்தானே இந்தக் குடும்பத்தின் சண்டையே தொடங்கியது? தகப்பன் செய்த அதே காரியத்தை, மன்னித்த கையோடு மகனும் செய்கிறான். போதாக்குறைக்கு, வழியில் சண்டை போட்டுக்கொள்ளாதீர்கள் என்று புத்தி வேறு சொல்லி அனுப்புகிறான். மன்னித்தவன் தேவதூதனாகிவிடவில்லை என்பதை எழுதியவர் எவ்வளவு சத்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போகிறார், பாருங்கள்.

அவர்களுடைய தகப்பன் யாக்கோபு எகிப்துக்கு வந்து 17 ஆண்டுகள் வாழ்ந்து இறக்கிறார். அடக்கம் முடிந்ததும் அண்ணன்மாருக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. அப்பாவுக்காகப் பொறுத்திருந்தான், இனிமேல் பழிதீர்ப்பான் என்று நினைக்கிறார்கள். 'உங்கள் அண்ணன்மாரை மன்னியும் என்று சாகும் முன் அப்பா சொன்னார்' என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறார்கள். யாக்கோபு அப்படிச் சொன்னதாக முந்தைய அதிகாரங்களில் ஒரு வரிகூட இல்லை. செத்துப்போன தகப்பன் பெயரில் இவர்களாகக் கட்டிய கதை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைக் கேட்டு யோசேப்பு மறுபடியும் அழுகிறான். முதல் அழுகை நமக்குப் புரிகிறது. இந்த இரண்டாவது அழுகை எதற்கு? இத்தனை வருடம் சோறு போட்டு, நிலம் கொடுத்து, பிள்ளைகுட்டிகளோடு வைத்துக் காப்பாற்றியும், தன் மன்னிப்பை அவர்கள் ஒரு நாள்கூட நம்பவில்லை என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிகிறது.

காதல், இழப்பு, மன்னிப்பு என்று இந்த அமர்வுக்குப் பெரிய தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மன்னிப்பைக் கதையின் கடைசிப் பக்கத்தில் வைக்காதீர்கள். நடுவில் வையுங்கள். காதல் கதை எழுதுகிறவருக்கு இது இரட்டிப்புக் கட்டாயம். யோசேப்பும் அண்ணன்மாரும் வேறு வேறு வீட்டில் இருந்தார்கள். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

வாசித்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் வருகிற கதைகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகின்றன. கணவன் வழிதவறுகிறான். மனைவி முழங்காலில் நிற்கிறாள். ஒரு லாரி வந்து அவனை மோதுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் போதகர் ஜெபிக்கிறார். கண் திறந்தவன் கதறுகிறான், அவள் மன்னிக்கிறாள், அடுத்த ஞாயிறு குடும்பமாக நின்று சாட்சி சொல்கிறார்கள். லாரி இல்லாமல் நம் கதைகளில் ஒரு கணவனும் மனந்திரும்புவதில்லை! (சிரிப்பு) சிரிக்கிறீர்கள், உங்களில் சிலர் லாரி வைத்திருப்பீர்கள் என்று தெரிகிறது. அங்கே கர்த்தரின் வேலையை லாரி செய்துவிடுகிறது, மனைவியின் வேலையை மயக்க மருந்து செய்துவிடுகிறது. கட்டுப்போட்டுப் படுத்திருப்பவனை மன்னிக்காமல் இருக்க யாரால் முடியும்? அவள் முடிவெடுப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

முடிவெடுப்பது என்றதும் சட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்தியக் கிறிஸ்தவர்களின் விவாகரத்துக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. அது 2001 வரை பெரிய மாற்றம் இல்லாமல் கிடந்தது. மனைவி பிறரோடு உறவு வைத்திருந்தாள் என்று நிரூபித்தால் கணவனுக்கு அது போதும். மனைவிக்கு அது மட்டும் போதாது. அதோடு கொடுமைப்படுத்தினான், அல்லது இரண்டு ஆண்டுகளாகக் கைவிட்டுவிட்டான் என்பது போன்ற இன்னொன்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. 2001-இல் வந்த திருத்தம்தான் இரண்டையும் மாற்றியது. உங்கள் கதை 1975-இல் நடக்கிறது என்று வையுங்கள். துரோகம் செய்த கணவனோடு அவள் தொடர்ந்து வாழ்கிறாள். 'அவள் மன்னித்தாள்' என்று எழுதுகிறீர்கள். மன்னித்தாளா, வேறு போக்கிடம் இல்லாமல் இருந்தாளா? அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியும், கணவனுக்குத் தெரியும், ஆசிரியருக்கு மட்டும் தெரியவில்லை என்றால் கதை படுத்துவிடும். கதவு திறந்திருக்கிறது, அம்மா வீட்டில் இடம் இருக்கிறது, கையில் வேலை இருக்கிறது. அப்போதும் அவள் இருக்கிறாள் என்றால் அது கதை. இல்லை, கிளம்பிவிடுகிறாள், ஆனாலும் மன்னித்திருக்கிறாள் என்றால் அது இன்னும் நல்ல கதை.

அடிக்கிற கணவனிடம் திரும்பிப் போவதை மன்னிப்பின் உச்சம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். 'ஏழெழுபதுதரம்' மன்னிக்கச் சொல்லும் வசனத்தை அவளிடம் யார் சொல்கிறார்கள் என்று நம் கதைகளில் எண்ணிப் பாருங்கள். மாமியார் சொல்வார், மூப்பர் சொல்வார், போதகரின் மனைவி சொல்வார். அடி வாங்காதவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

ஒரு காட்சியைச் சற்றுக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். தென் மாவட்டக் கிராமம் ஒன்றின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். திருவிருந்து ஆராதனை. விஷயம் வெளியே தெரிந்து சில வாரங்களாகக் கணவனும் மனைவியும் பேசுவதில்லை. ஊருக்கும் அது தெரியும். 'சமாதானம்' சொல்லும் நேரம் வருகிறது. குருவானவர் கையிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் சொல்கிறார்கள். அவன் பக்கத்தில் நிற்கும் சித்தப்பா மகனுக்குச் சொல்கிறான். அவள் பக்கத்தில் நிற்கும் ஆசிரியை அக்காவுக்குச் சொல்கிறாள். கணவனுக்கு அவள் சொல்ல வேண்டியதில்லை, நடுப்பாதை அவளைக் காப்பாற்றிவிட்டது. அடுத்து பீடத்துக்குப் போக வேண்டும். தன்னைத்தானே சோதித்தறிந்து இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன் என்று பவுல் சொன்னதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். வரிசை எழுகிறது. அவள் எழவில்லை. பக்கத்துப் பெண் அவள் முழங்காலைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. திருவிருந்துக்கு யார் போகவில்லை என்பதை ஒரு கிராமம் எவ்வளவு வேகமாகக் கணக்கெடுக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கம் அவன் எழுந்து போகிறானா? துரோகம் செய்தவன் போய் முழங்காலிட்டுப் பாத்திரத்தை வாங்குகிறான், துரோகம் செய்யப்பட்டவள் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அது ஒரு கதை. அவனும் எழவில்லை, ஆலயத்திலேயே உட்கார்ந்திருப்பது அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்றால் அது வேறு கதை. இரண்டில் எதிலும் ஒருவர்கூட அழ வேண்டியதில்லை.

அமெரிக்காவில் கிறிஸ்தவக் காதல் நாவல் என்பது தனி அலமாரியும் தனிப் பதிப்பகங்களும் கொண்ட துறை. 1979-இல் மினியாபொலிஸின் பெத்தனி ஹவுஸ் பதிப்பகம் ஜேனட் ஓக் என்ற கனடா நாட்டுப் பெண்மணியின் முதல் நாவலை வெளியிட்டது. குடியேறப் போன இடத்தில் கணவனை இழந்த இளம்பெண், தாயில்லாத குழந்தையை வைத்திருக்கும் ஒருவனை வேறு வழியின்றி மணந்துகொள்கிற கதை. நன்றாக விற்றது, துறைக்கே வழி திறந்தது. முதலில் கல்யாணம், பிறகு காதல் என்பது அங்குள்ள வாசகிக்குப் புதுமையாக இருந்திருக்கலாம். நமக்கு அது பக்கத்து வீடு. அந்தப் புல்வெளியையும் குதிரை வண்டியையும் இங்கே இறக்கிவிட்டு, கதாநாயகிக்கு எமிலி என்று பெயர் வைக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நம் எமிலிகள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் ரேஷன் கடையில் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களை எழுதுங்கள்.

இழப்புக்கு வருகிறேன். இழப்பை எழுத எனக்குத் தெரிந்த பெரிய பாடம் யாக்கோபுதான். காதலித்த ராகேலை மணப்பதற்காக அவர் உழைத்த ஏழு வருடம் கொஞ்ச நாளாகத் தோன்றிற்று என்ற வரியைக் கல்யாணப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். ராகேல் இறக்கும் இடத்தில் அவர் அழுததாக ஒரு வார்த்தை இல்லை. வழியில் அடக்கம் செய்தார், தூண் நிறுத்தினார், பயணப்பட்டார். அவ்வளவுதான். நாம் இருந்தால் அங்கே இரண்டு பக்கம் கண்ணீர் வடித்திருப்போம். பிறகு 48-ஆம் அதிகாரம். கிழவர் சாகக் கிடக்கிறார். யோசேப்பின் பிள்ளைகளுக்குப் பங்கு கொடுப்பதைப் பற்றி, சொத்து விவகாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். திடீரென்று நடுவில், நான் பதானிலிருந்து வருகையில் ராகேல் வழியிலே செத்துப்போனாள், எப்பிராத்தாவுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது, அங்கேயே அடக்கம் செய்தேன் என்கிறார். யாரும் கேட்கவில்லை. அடுத்த வசனத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, இவர்கள் யார் என்று கேட்கிறார். அந்த வசனம் ஏன் அங்கே வந்தது என்று வேத அறிஞர்கள் பல விளக்கம் சொல்வார்கள். மனைவியை இழந்த கிழவரோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது என்கிறாரே, அது அத்தனை வருடமும் உள்ளே உறுத்திக்கொண்டு கிடந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தன்னை எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் கட்டளையிடுகிற இடம் மக்பேலா குகை. அங்கே இருப்பவள் ராகேலின் அக்காவும் அவருடைய முதல் மனைவியுமான லேயாள். உயிரோடு இருந்தபோது அற்பமாக எண்ணப்பட்டவளுக்குப் பக்கத்தில்தான் அவர் கடைசியில் போய்ப் படுக்கிறார். லேயாள் அவரை மன்னித்தாளா? வேதம் சொல்லவில்லை. நாவல் எழுத இடம் தேடுகிறவர்களே, இதைவிட என்ன வேண்டும்?

நம் காலத்திலிருந்து ஒருவரைச் சொல்கிறேன். 1999 ஜனவரி 22 நள்ளிரவு, ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறு மகன்கள் பிலிப்பும் திமோத்தேயும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னிப்பதாக மனைவி கிளாடிஸ் சொன்னார். செய்தித்தாள்கள் அந்த ஒரு வாக்கியத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. எழுத்தாளராக என்னை இழுப்பது அதற்குப் பின்னால் வந்த ஆண்டுகள். மகள் எஸ்தருடன் இந்தியாவிலேயே தங்கி, 2004 வரை ஒடிசாவின் பாரிபதாவில், கணவர் பார்த்துவந்த அதே தொழுநோயாளர் இல்லத்து வேலையைப் பார்த்தார். எந்த மாநிலத்தில் குடும்பத்தைப் பறிகொடுத்தாரோ, அதே மாநிலத்து மனிதர்களின் புண்களுக்குக் கட்டுப் போடும் வேலை. இன்னொரு பக்கம் வழக்கு அதன் போக்கில் நடந்தது; முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதி செய்தது. மன்னிப்பும் தண்டனையும் ஒன்றை ஒன்று ரத்து செய்யாமல் அருகருகே போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் கதைகளில் மட்டும் கதாநாயகி மன்னித்த மறுநிமிடம் போலீஸ் புகாரை வாபஸ் வாங்கிவிடுகிறாள்.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் நான் பேசியதில் பாதி பொய். நம் காதலர்களுக்கு நடுவில் நோய் வருகிறது, ஏழ்மை வருகிறது, அவிசுவாசம் வருகிறது. சாதி மட்டும் வருவதே இல்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், சாதி பார்த்து, செத்தவர்களுக்கு நடுவிலேயே சுவர் எழுப்பியவர்கள் நாம். உயிரோடு இருக்கிற இரண்டு பேர் அப்படியொரு சுவரைத் தாண்டி, ஆலயத்தில் வாசிக்கக் கல்யாண அறிவிப்பு ஓலை கொடுத்தால் என்ன ஆகும்? மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். தடை சொல்ல யாராவது உண்டா என்று மூன்று முறை கேட்பார்கள். பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினால் போதும், உங்களுக்கு லாரி தேவைப்படாது. அந்தக் கதையையும் 'பெற்றோர் பிள்ளைகளை மன்னித்து ஏற்றுக்கொண்டார்கள்' என்று முடிப்பீர்களானால், யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவதற்கு ஒரு பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். குறித்துக்கொள்ளுங்கள். கணவன் தவறு செய்தான், ஒப்புக்கொண்டான், மனைவி மன்னித்தாள், மூன்று மாதம் ஆகிவிட்டது. சனிக்கிழமை இரவு. அவன் குளித்துக்கொண்டிருக்கிறான். சாப்பாட்டு மேஜை மேல் அவனுடைய செல்போன் அடிக்கிறது. திரையில் பெயர் இல்லை, எண் மட்டும். அவள் சமையலறை வாசலில் நிற்கிறாள். இரண்டு பக்கம் எழுதுங்கள். மன்னிப்பு, கண்ணீர், ஜெபம் ஆகிய மூன்று வார்த்தைகளுக்கும் அனுமதி இல்லை. அழைத்தது யார் என்று வாசகருக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டரை மணிக்கு வாசிக்கத் தொடங்குவோம்.