பேரேட்டை மூடுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நாடு முழுக்க 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய். பெட்டி பெட்டியாகக் கருவிகள் வந்து இறங்கிவிடும். அதன் முன்னால் உட்காரப்போகிறவரின் மனக்கலக்கத்துக்கு மட்டும் எந்தத் தலைப்பிலும் நிதி இல்லை.

ஒரு சங்கச் செயலாளரை எடுத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் மு. கருப்பையா என்று மூன்று பேர். ஓரத்தில் பென்சிலால் ‘வடக்குத் தெரு’, ‘மேட்டுக்காடு’, ‘டீக்கடை’ என்று எழுதி வைத்திருப்பார். ஆள் வாசலில் வரும்போதே எந்தப் பக்கம் என்று தெரியும். புது மென்பொருள் உறுப்பினர் எண்ணையும் ஆதாரையும் கேட்கிறது. இருபது வருட நினைவு ஒரே நாளில் செல்லாக்காசாகிறது. வேகமாகத் தட்டச்சு செய்யும் இளைய உதவியாளரிடம் எல்லாரும் போய் நிற்கிறார்கள். ‘இவருக்குக் கத்துக்க மனசில்லை’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் இழப்பது ஊரில் தனக்கிருந்த இடத்தை. உறுப்பினர் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். அந்தப் பென்சில் குறிப்பு இல்லாமல் மூன்று கருப்பையாக்களையும் பிரிக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கணக்கைக் கணினிக்கு மாற்றும்போது ஒவ்வோர் உறுப்பினரின் கடன் நிலுவையையும் கூட்டினால், பொதுப் பேரேட்டின் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். கையெழுத்துக் கணக்கில் பல இடங்களில் ஒத்துப்போகாது. ஒருவர் கட்டிய பணம் அடுத்தவர் பக்கத்தில் ஏறியிருக்கும். வட்டியில் சில்லறை விட்டுப்போயிருக்கும். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் பிரிவுகளான 81, 87 என்று எண்ணைச் சொன்னாலே போதும், துறையில் எல்லாருக்கும் பயம். முதலாவது விசாரணை, இரண்டாவது தண்டத்தீர்வை, அதாவது சங்கத்துக்கு வந்த இழப்பைப் பொறுப்பானவரிடமே வசூலிப்பது. முன்பு இருந்தவர் செய்த பிழைக்கும் தன் கைக்காசு போகுமோ என்று பயப்படுகிறவர், பதிவேட்டைத் தேடி எடுக்கவே நாள் கடத்துவார். ஆகவே, எழுத்துப் பிழை எது, கையாடல் எது, முதல் வகையைத் திருத்த யார் கையொப்பம் வேண்டும் என்பது வேலை தொடங்குமுன் எழுத்தில் வரவேண்டும். வாய்மொழி உறுதியை யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் வேண்டியதில்லை.

வங்கிகளில் இது நடந்த வரிசையைப் பாருங்கள். 1983இல் இயந்திரமயமாக்கலுக்கு ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தம் ஆனது. வங்கிகளில் இயந்திரங்களைக் கொண்டுவருவது பற்றி, ரிசர்வ் வங்கியின் அன்றைய துணை ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழுவின் அறிக்கை அதன் பிறகே, 1984இல் வந்தது. வேலை பறிபோகுமா என்ற கேள்வியைப் பேசாமல் அங்கே எந்த இயந்திரமும் நிலைத்திருக்காது.

அடுத்தது இரட்டைப் பதிவு. சில வாரம் பேரேடும் கணினியும் சேர்ந்து ஓடும். பெரும்பாலும் என்ன ஆகிறது? பேரேட்டை அன்றன்றைக்கு எழுதிவிட்டு, ‘சனிக்கிழமை ஏத்திக்கலாம்’ என்று ரசீதுகளைக் கட்டி வைக்கிறார்கள். மாதக் கடைசியில் கட்டு மலையாகிவிடும். பழி கணினி மேல் விழும். அதற்குப் பதில், ஒவ்வொரு ரசீதையும் அன்றே இரண்டிலும் பதியுங்கள்: முதல் இரண்டு வாரம் பேரேடு முன்னே, கணினி பின்னே. மூன்றாம் வாரத்திலிருந்து கணினி முன்னே. தினமும் மாலை ரொக்க இருப்பு இரண்டிலும் ஒத்துப்போன பிறகே பெட்டியைப் பூட்டவேண்டும். இரட்டை வேலை முடியும் தேதியை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். முடிவு தெரியாத சுமைதான் ஆளை வெறுப்பேற்றும்.

பயிற்சியை மாவட்டத் தலைநகர மண்டபத்தில் ஒரே நாளில் முடிக்காதீர்கள். அவரவர் சங்கத்து ரசீது இருபதை அவரவர் கையாலேயே பதியச் சொல்லுங்கள், அரை நாள் வீதம் மூன்று தடவை. மார்ச் கடைசியிலும், பள்ளி திறக்கும் நேரத்து நகைக்கடன் கூட்டத்திலும் மாற்றத்தைத் தொடங்கவே வேண்டாம்.

கவுன்டருக்கு வெளியே நிற்பவரையும் மறக்காதீர்கள். பாஸ்புத்தகத்தில் செயலாளரின் கையெழுத்தைப் பார்த்துப் பழகிய பாட்டிக்கு, மங்கலான அச்செழுத்து வெறும் கோடு. முதல் சில மாதம் அச்சிட்ட வரியைச் செயலாளர் வாய்விட்டுப் படித்துக்காட்டி, பக்கத்தில் பேனாவால் ஒரு சுருக்கொப்பம் போட்டுக் கொடுக்கட்டும்.

நன்றி, வணக்கம்.