எண்ணுக்கு முன் ஒலி

நேயர்களுக்கு வணக்கம். மண்ணுக்குள் புதைந்த உலோகத்தைத் தேடும் மெட்டல் டிடெக்டரைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களின் பார்வை பெரும்பாலும் திரையில்தான் இருக்கும். எண் பெரிதாக வந்தால் வெள்ளி, சிறிதாக வந்தால் இரும்பு என்று உடனே முடிவு கட்டிவிடுவார்கள். கண்ணைவிடக் காதை நம்பிப் பழகுங்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

அந்த எண் எப்படி வருகிறது? கருவியின் அடியில் இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில் (coil), மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அது உலோகத்தில் பட்டதும் உள்ளே சுழல் மின்னோட்டம் எழுகிறது. அதிலிருந்து ஒரு சிறு காந்தப்புலம் சற்றே பின்தங்கித் திரும்பி வருகிறது. எவ்வளவு பின்தங்கியது என்பதைத்தான் பெரும்பாலான கருவிகள் எண்ணாகக் காட்டுகின்றன. ஆனால் அது உலோகத்தின் வகையை மட்டும் பொறுத்ததல்ல. பருமன், தடிமன், வடிவம், மண்ணுக்குள் கிடக்கும் கோணம் எல்லாமே அதை மாற்றும். மெல்லிய வெள்ளிச் சங்கிலி அலுமினியத் தாளின் எண்ணைக் காட்டலாம். தங்க மோதிரத்துக்கும் பான டின்னில் இழுத்துத் திறக்கும் வளையத்துக்கும் ஒரே எண் வருவது சர்வ சாதாரணம். அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு நடப்பவர் தங்கத்தையும் ஒதுக்கிவிட்டுத்தான் நடக்கிறார்.

சரி, காதில் எதைக் கேட்பது? முதலில், ஒலி மாறாமல் வருகிறதா என்று. காயிலை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் வீசும்போது ஒரே ஒலி, ஒரே இடத்தில், தெளிவாகத் தொடங்கித் தெளிவாக முடிய வேண்டும். அப்புறம் கால்வட்டம் சுற்றி வந்து, குறுக்காக வீசிப் பாருங்கள். துருப்பிடித்த ஆணி ஒரு பக்கம் கணீரென்று ஒலித்து உங்களை ஏமாற்றும்; குறுக்கே வந்தால் உடைந்து கரகரக்கும். நாணயம் தட்டையாகக் கிடந்தால் எந்தப் பக்கமிருந்தும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் பேசும். செங்குத்தாக நின்றால் அதுவும் தடுமாறும். அதனால் ஒரு வீச்சோடு தீர்ப்பு எழுதாதீர்கள்.

காயிலை மெல்ல மேலே தூக்கியும் பாருங்கள். சிறு பொருளின் ஒலி சட்டென்று மங்கும். நசுங்கிய டின் போன்ற பெரிய பொருள் தூக்கத் தூக்க விடாமல் ஒலிக்கும். ஆழத்தில் இருப்பதன் ஒலி மெலிந்தும் குறுகியும் வரும், எண்ணோ தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வீச்சிலும் அந்த மெல்லிய ஒலி திரும்ப வந்தால், எண் என்ன சொன்னாலும் நான் தோண்டச் சொல்வேன். இதற்கு ஹெட்போன் கட்டாயம் வேண்டும்.

1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவியோடு வந்தார். தொலைபேசிக் குழாயில் காதை வைத்துக் கேட்டார். ஒலி ஓரிடத்தில் குவியாமல் பரந்து வந்தது, குண்டு அகப்படவில்லை. மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. மருத்துவரும் உடலின் வலப்பக்கத்தில் மட்டுமே தேட விட்டார். குண்டோ இடப்பக்கம் இருந்தது. ஓரிடத்தில் குவியாத ஒலியைக் கேட்டால் பக்கத்தில் வேறு உலோகம் உண்டா என்று சந்தேகப்படுங்கள்.

இரும்பின் ஒலியை முழுவதும் அடைத்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஆணிக்கு ஒட்டினாற்போல் கிடக்கும் நாணயத்தின் ஒலியும் அதோடு அமுங்கிப் போகும். இரும்புக்குத் தாழ்ந்த டோன் வைத்து, அதையும் கேட்டுக்கொண்டே மெதுவாக வீசுங்கள். குப்பை நிறைந்த இடத்தில் சிறிய காயில் உதவும், ஏனென்றால் ஒரே நேரத்தில் குறைந்த பொருள்களே அதன் அடியில் வரும்.

தோண்டுவதற்கு முன் உங்கள் ஊகத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். பொருளை எடுத்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். குழியை மூடும் முன் காயிலை அதன் மேல் இன்னொரு முறை வீசுங்கள். மேலே கிடந்த இரும்பு வெளியே வந்தபின், அதுவரை கேட்காத வேறொரு ஒலி அடியிலிருந்து வரக்கூடும்.