மூன்றாவது டேக்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ராக் குழுவின் பெயரையும் என்னை இங்கே அழைத்த காரணத்தையும் அறிவிப்பாளர் சொல்லிவிட்டார். ஐந்து பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிட்டிருக்கிறோம். அதில் ஒன்று, புதிய குழுக்களுக்கான ஒரு போட்டியில் இறுதிச் சுற்று வரை போனது. செய்தி என்று பார்த்தால் இரண்டே வரி. வெளியே எங்களைப் பார்க்கிறவர்கள் இரண்டாவது வரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: எத்தனை குழுக்கள் வந்தன, நடுவர்கள் என்ன சொன்னார்கள் என்று. கேட்பது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு முதல் வரிதான் பெரிது. இன்றைக்குக் கிடைத்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே கொடுக்கப்போகிறேன்.

நான் டிரம்ஸ் வாசிப்பவன். குழுவில் நாங்கள் நான்கு பேர். பாடகி ரிதம் கிடாரும் வாசிப்பார். லீட் கிடாருக்கு ஒருவர், பேஸ் கிடாருக்கு ஒருவர், பிறகு நான். பதிவுக்குப் போகும் முன்பு இரண்டு வருஷம் சேர்ந்து வாசித்திருந்தோம். சின்னச் சின்ன மேடைகள் ஏறியிருந்தோம். ஒருவர் மூச்சு இழுத்தால் அடுத்தவர் எங்கே போகப்போகிறார் என்று தெரியும் என்கிற அளவுக்கு நம்பிக்கை இருந்தது.

ஸ்டுடியோவில் முதல் நாள், முதல் பாட்டின் முதல் டேக்கை, அதாவது முதல் முறை வாசித்துப் பதிவானதை, ஒலிப்பதிவாளர் திரும்பப் போட்டார். கிடாரை நிறுத்திவிட்டு, காலால் அடிக்கும் கிக் டிரம்மையும் பேஸையும் மட்டும் வைத்தார். என் அடிக்கு ஒரு மயிரிழை முன்னால் பேஸ் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். இரண்டு வருஷமாக ஒன்றாக வாசிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த இடம் அது. மேடையில் ஒலிபெருக்கியின் இரைச்சலும் கூட்டத்தின் சத்தமும் அதை மூடிவிட்டிருந்தன. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அடுத்த இரண்டு சாயங்காலம் நானும் பேஸ் வாசிப்பவரும் மட்டும் உட்கார்ந்து, வேறு எந்த வாத்தியமும் இல்லாமல், ஐந்து பாட்டுகளையும் மெதுவாக வாசித்தோம். இந்தப் பதிவால் எங்களுக்குக் கிடைத்த முதல் நன்மை அந்த இரண்டு சாயங்காலங்கள்தான்.

டிரம்ஸுக்கு மைக் வைக்கவே அரை நாள் ஆயிற்று. கிக்குக்கு ஒன்று, ஸ்நேர் என்ற நடு டிரம்முக்கு மேலும் கீழுமாக இரண்டு, டாம்கள் என்ற மற்ற டிரம்களுக்குத் தனித்தனியாக, தலைக்கு மேலே இரண்டு, அப்புறம் அறையின் ஒலியைப் பிடிக்கத் தூரத்தில் ஒன்று. ஒலிப்பதிவாளர் ஒரு அளவு நாடாவை எடுத்து, ஸ்நேரின் நடுவிலிருந்து மேலே இருக்கும் இரண்டு மைக்குகளுக்கும் தூரம் ஒன்றுதானா என்று அளந்தார். எதற்கு என்று கேட்டேன். ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். அதாவது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் 34 சென்டிமீட்டர்தான். ஒரு மைக் கொஞ்சம் தள்ளி இருந்தால் அதே அடி அங்கே தாமதமாகப் போய்ச் சேரும். பிறகு இரண்டையும் சேர்க்கும்போது ஒரு அலை மேலே எழும்புகிற நேரத்தில் மற்றொன்று கீழே இறங்கி, ஒன்றை ஒன்று தின்றுவிடும். நல்ல கனமான ஸ்நேர் தகர டப்பா மாதிரிக் கேட்கும். சில பழைய பதிவுகளில் டிரம்ஸ் ஏன் அவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று வியந்திருக்கிறேன். யாரோ ஒருவர் பொறுமையாக நின்று மைக்கை நகர்த்தியிருக்கிறார் என்று இப்போது புரிகிறது.

கிடார் பதிவும் அப்படித்தான். ஆம்ப்ளிஃபையரை வேறு அறையில் வைத்து, அதன் ஸ்பீக்கருக்கு முன்னால் 1965-இல் சந்தைக்கு வந்த எஸ்எம்57 என்ற வகை மைக்கை வைத்தார்கள். ஸ்பீக்கரின் நடுவுக்கு நேராக வைத்தால் ஒலி கூர்மையாக இருக்கிறது. ஓரத்தை நோக்கி ஓர் அங்குலம் நகர்த்தினால் மெத்தென்று ஆகிவிடுகிறது. லீட் கிடார் வாசிப்பவர் தன் ஒலியைத் தேடி, கிடாரின் ஒலியை மாற்றும் பெடல்களைப் புதிது புதிதாக வாங்கிச் சேர்த்தவர். அன்றைக்கு அந்த ஓர் அங்குலத்தில் அது கிடைத்தது. அவர் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

சரி, போட்டிக்குப் போன பாட்டுக்கு வருகிறேன்.

நான்கு பாட்டுகளை கிளிக் வைத்து வாசித்தோம். கிளிக் என்பது ஹெட்போனில் ஒரே சீராக ஒலிக்கும் தாளக் குறி. அதோடு ஒட்டி வாசித்தால் பிற்பாடு ஒரு பகுதியை வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டுவது சுலபம். ஐந்தாவது பாட்டையும் அப்படியே இரண்டு முறை வாசித்தோம். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பிழை கிடையாது. ஆனால் கேட்டால் பாட்டு உட்கார்ந்துவிட்டது. பாடகிதான் முதலில் வாய் திறந்து சொன்னார்: “கடைசிச் சரணத்தில் நாம் எப்போதும் ஓடுவோம், இதில் நடக்கிறோம்.” கிளிக்கை நிறுத்தச் சொன்னோம். எல்லோரும் ஒரே அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்தோம். அதுதான் மூன்றாவது டேக். அளந்து பார்த்தால் தொடக்கத்தைவிட முடிவில் வேகம் கூடியிருக்கிறது. நடுவில் ஓரிடத்தில் என் குச்சி ஸ்நேரின் விளிம்பில் பட்டு ஒரு தனிச் சத்தம் வருகிறது. திருத்தலாம் என்று நான் சொன்னேன். மற்ற மூவரும் கூடாது என்றார்கள். அவர்கள் சொன்னதே சரி.

பாடும் வரிசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பீட்டில்ஸ் தங்கள் முதல் எல்.பி. தட்டுக்காக 1963 பிப்ரவரி 11 அன்று லண்டனில் ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அவர்களில் ஒரு பாடகரான ஜான் லெனனுக்கு அன்று ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும்படி கத்திப் பாட வேண்டிய பாட்டைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தார்கள். முதலில் பாடியிருந்தால் மற்றவற்றுக்குக் குரல் இருந்திருக்காது. அந்தக் கடைசிப் பாட்டில் நாம் கேட்பது, மிச்சமிருந்த குரல் முழுவதையும் ஒரே முறையில் செலவழித்துவிட்ட ஒரு மனிதரை. இதே குழுவைத்தான் அதற்கு முந்தைய வருஷம், 1962 ஜனவரி முதல் தேதி, டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று அனுப்பியது. எங்கள் பாடகியும் அந்த வரிசையைப் பின்பற்றினார். ஐந்தாவது பாட்டைப் பாடி முடித்த பிறகு அடுத்த நாள் மதியம் வரை அவர் யாரிடமும் பேசவில்லை.

மிக்ஸிங்கில், அதாவது தனித்தனியாகப் பதிவானவற்றை அளவு பார்த்துக் கலக்கும்போது, அவரவர் வாத்தியம் கொஞ்சம் மேலே வர வேண்டும் என்று அவரவர் கேட்டோம். எல்லாக் குழுவிலும் நடப்பதுதான். நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு விவாதம் மட்டும் முக்கியம். ஐந்தில் ஒரு பாட்டு 40 விநாடி டிரம்ஸோடு தொடங்குகிறது. இணையத்தில் பாட்டு கேட்கும் ஸ்பாட்டிஃபை தளத்தில் ஒருவர் 30 விநாடியாவது கேட்டால்தான் அது ஒருமுறை கேட்டதாகக் கணக்கில் ஏறும். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே பங்குத்தொகையும் இல்லை. ஆகவே தொடக்கத்தை வெட்டி நேரே குரலுக்குப் போகலாம் என்று யோசனை வந்தது. ஒரு வாரம் பேசினோம். கடைசியில் வெட்டவில்லை. அந்த 40 விநாடியில்தான் பாட்டின் இருட்டு இருக்கிறது. அது இல்லாமல் குரல் வந்தால் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அதற்காக நாங்கள் இழப்பது எதுவோ, அதைத் தெரிந்தேதான் இழக்கிறோம்.

இனி இறுதிச் சுற்று பற்றி.

முடிவு வந்த அன்று எங்களுக்கு வேண்டிய ஒருவர் ஆர்வத்தில் ஓர் அறிவிப்பு எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அதில் ‘வெற்றி பெற்ற குழு’ என்று இருந்தது. நாங்கள் வெற்றி பெறவில்லை. இறுதிச் சுற்றில் ஆறு குழுக்கள். பரிசு வேறொரு குழுவுக்குப் போனது. அவர்கள் வாசித்ததைக் கேட்டோம். அந்தப் பரிசு அவர்களுக்கு உரியதுதான். வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. பலர் எங்கள் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அப்படியே விட்டுவிடலாமா என்ற சபலம் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். இரவு பதினொரு மணிக்கு நான்கு பேரும் சேர்ந்து திருத்தம் எழுதினோம். ‘நாங்கள் இறுதி ஆறில் ஒருவர். பரிசு பெற்றது இன்னொரு குழு’ என்று எழுதி, அந்தக் குழுவின் பாட்டு எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்தோம். மறுநாள் அந்தக் குழுவின் பேஸ் வாசிப்பவர் கூப்பிட்டார். இப்போது இரண்டு குழுக்களும் ஒரே அறையில் ஒத்திகை பார்க்கிறோம்.

அங்கீகாரம் எனக்கு வேண்டாத பொருள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது கதவைத் திறக்கும். 1978 மார்ச் 17 அன்று அயர்லாந்தின் லிமெரிக் நகரில் நடந்த ஒரு போட்டியில் பள்ளிப் பையன்களாக இருந்த யூ2 குழு வென்றது. 500 பவுண்டு பணத்தோடு, மாதிரிப் பதிவு செய்ய ஸ்டுடியோ நேரமும் கிடைத்தது. அந்த வயதில் ஒரு குழுவுக்கு அந்த நேரம் பணத்தைவிடப் பெரிது என்பது என் எண்ணம். அதே வருஷம் செப்டம்பரில், வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தைச் சேர்ந்த அண்டர்டோன்ஸ் என்ற குழு பெல்ஃபாஸ்ட்டின் ஒரு சிறு நிறுவனம் வழியாக வெளியிட்ட பாட்டை பிபிசி வானொலியில் ஜான் பீல் என்ற நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒலிபரப்பினார். பாட்டு முடிந்தது, உடனே மறுபடியும் அதையே போட்டார். 1967-இலிருந்து 2004-இல் இறக்கும் வரை அந்த நிலையத்தில் இருந்த மனிதர் அவர். அவருடைய நிகழ்ச்சிக்கென்று ஸ்டுடியோவுக்கு வந்து பாட்டுகளைப் பதிவு செய்துகொடுத்தவர்கள் 2,000-க்கும் மேல். பெரும்பாலும் ஒரே நாளில் பதிவு, மிக்ஸ் எல்லாம் முடிந்துவிடும். இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவர் நினைவு வராமல் இருக்குமா? ஒரு பாட்டை இரண்டாவது முறை கேட்க ஒருவர் விரும்பினார் என்பதைவிட நேரான பாராட்டு எனக்குத் தெரியாது.

நாங்கள் செய்தி சொல்லும் விதத்தை மாற்றியது இன்னொரு குழு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து பஸ்காக்ஸ் குழுவினர் 1976 டிசம்பர் கடைசியில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்து, கடன் வாங்கிய பணத்தில் தாங்களே 1,000 தட்டுகள் அச்சிட்டு 1977 ஜனவரியில் வெளியிட்டார்கள். உறையில் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக், பிற்பாடு மேலே ஏதாவது சேர்த்தார்களா என்று அச்சிட்டிருந்தார்கள். எவ்வளவு நேர்மையான காரியம்! கேட்கிறவருக்கு, இதுதான் நடந்தது என்று கையில் எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

எங்கள் வெளியீட்டுக் குறிப்பை அந்த மாதிரியே எழுதினோம். எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், எதில் கிளிக் உண்டு, எதில் இல்லை, மைக்கை நகர்த்தியவர் யார், இரண்டாவது பாட்டில் பின்குரல் கொடுத்தவர் யார், எல்லாம் அதில் இருக்கிறது. பாட்டை எழுதியவர்கள் யார், யாருக்கு எத்தனை பங்கு என்பதையும் வெளியிடும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். நண்பர்களுக்குள் அந்தப் பேச்சு கஷ்டம். மூன்று முறை தள்ளிப்போட்டோம். ஒரு மெட்டு பேஸ் வாசிப்பவரிடமிருந்து வந்தது என்பது எங்களில் இருவருக்கு நினைவே இல்லை. பழைய கைப்பேசிப் பதிவு ஒன்றைத் தேடி எடுத்தபோது அவர் வாயால் முணுமுணுத்தது அதில் இருந்தது. இப்போது அவர் பெயர் அந்தப் பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி ஒன்று உண்டு. உலகத்தில் எங்கே ஒலித்தாலும் அந்தப் பதிவு எது என்று கண்டுகொள்ள அது உதவும். எங்கள் ஐந்து குறிகளையும் நான் ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த பதிவுக்கு மூன்று பாட்டுகள் தயாராகின்றன. நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள். இப்போது ஐந்தாவது பாட்டு. மூன்றாவது டேக், கிளிக் இல்லை, மேலே எதுவும் சேர்க்கவில்லை. நடுவில் அந்தக் குச்சிச் சத்தம் கேட்கும். அது நான்தான்.